பிள்ளைச்சாவடி பள்ளிக்கூடத்துக்கு மூணு ரூம்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாக்டரியிலிருந்து முதல் வகுப்பறை ட்ரெய்லரில் வந்தது. ஜன்னல், கூரை, ஃபேன் கொக்கி எல்லாம் அங்கேயே மாட்டி, முழு ரூமாக. இங்கே இறக்கி போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது.

முடியவில்லை. தரையில் நாங்கள் பதித்த போல்ட் ஒரு பக்கம், ரூமின் அடித்தகட்டில் ஓட்டை இன்னொரு பக்கம். இரண்டு விரல்கடை தள்ளி. ரூம் கிரேனில் தொங்குகிறது. மதிலோரம் பிள்ளைகள் வேடிக்கை.

வெல்டர் முருகன்: "கட்டர் வச்சு ஓட்டைய இழுத்துடலாம் மேடம். அஞ்சு நிமிஷ வேல."

வேண்டாம் என்றேன். கடலோரம். உப்புக்காற்று, புயல். அறுத்த இடத்தில்தான் முதலில் துரு ஏறும். ரூம் மறுபடி ட்ரெய்லரில் ஏறி பாக்டரிக்கே.

குமரனுக்குப் போன். பாக்டரியில் ரூம் செய்வது அவர். சைட்டில் நிறுத்துவது நான். ஒரே கம்பெனி, ஒரே வீடு.

"ஓட்ட தப்பா இருக்கு."

"உங்க போல்ட்டுதான் தப்பு, மேடம்."

மேடமாம்! வீட்டில் தோசை. அவர் ஹாலில் உட்கார்ந்து கம்பெனி குரூப்பில் டிராயிங் போடுகிறார். நான் அடுப்படியிலிருந்து பதில் போடுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

புழுக்கம். பால் திரிந்துவிட்டது.

பெரிய டீச்சர் சைட்டுக்கு வந்தார். இப்போது வகுப்பெல்லாம் ஊர் சமுதாயக்கூடத்தில். அங்கே மாதக் கடைசியில் கல்யாணமாம். "காலி பண்ணச் சொல்றாங்கம்மா. மழ நேரத்துல புள்ளைங்கள எங்க ஒக்கார வைப்பேன்?" அதற்குள் முடித்துவிடுவோம் என்றேன். எப்படி என்று தெரியாமலேயே.

குமரனிடம்: "மீதி ரெண்டு ரூமையும் அனுப்பாதீங்க. தப்பு எங்கன்னு தெரியட்டும்."

"இங்க வைக்க எடமில்ல. அடுத்த ஆர்டர் நிக்குது."

"அப்ப செய்யறதயும் நிறுத்துங்க."

மதியம் முதலாளி போன். "வீட்டு சண்டைய சைட்டுக்கு கொண்டாராதீங்கம்மா."

இதையே குமரனிடம் சொல்லியிருப்பாரா? மாட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

போல்ட் மேல் பிளைவுட் பலகையை வைத்துத் தட்டி, அச்சு எடுத்து, ஓட்டை போட்டு, வேனில் ஏற்றி நேராக பாக்டரிக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே கட்டி வைத்திருந்த இரண்டாவது ரூமின் அடியில் பலகையைப் பிடித்தோம். அதே இரண்டு விரல்கடை. குமரன் டிராயிங்கை விரித்தார். "சுவரிலிருந்து" என்று ஒரு அளவு. அவர்கள் சுவரின் உள்முகத்திலிருந்து அளந்திருக்கிறார்கள். நாங்கள் வெளிமுகத்திலிருந்து. எந்த முகம் என்று டிராயிங்கில் இல்லை. ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

கேட்டிருக்க வேண்டியது நான். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கத்தானே எனக்குச் சம்பளம்?

முதலாளி வந்து நின்றார். குமரன் அவரைப் பார்த்து, "இவங்க நிறுத்தச் சொன்னது சரிதான் சார். இல்லன்னா மூணும் போயித் திரும்பியிருக்கும்."

மூன்று ரூமுக்கும் அடித்தகடு புதிதாக, பாக்டரியிலேயே. திரும்பி வரும்போது வேனில் அழுகை வந்தது. டிரைவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

அக்டோபர் 13, திங்கள்

மழை. காற்று. இந்தக் காற்றில் கிரேன் தூக்கக்கூடாது. இரண்டு நாளாக இதே கதை. நாளைக்கு:
சைட் தண்ணீர் இறைக்க மோட்டார்.
கிரேன் நிற்கும் இடத்தில் ஜல்லி.
கரண்ட் ஆபீஸ், லைன் நிறுத்த லெட்டர்.
அம்மா மாத்திரை.
பெரிய டீச்சருக்குப் போன். (என்ன சொல்ல?)

போனில் மழை எப்போது விடும் என்று பார்த்துப் பார்த்து சார்ஜே போய்விட்டது. குமரன்: "பாத்துக்கிட்டே இருந்தா நின்னுடுமா?" கோபமாகச் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 15, புதன்

வெயில்! ஏழு மணிக்கே கிரேன். முதல் ரூம் இறங்கியது. முருகன் அடியில் குனிந்து பார்த்துக் கத்தினான்: "நாலு போல்ட்டும் உள்ள பூந்துடுச்சி மேடம்!"

திரும்பினால், மதிலோரம் பிள்ளைகளுக்கு நடுவில் ஹெல்மெட்டோடு குமரன்.

"பாக்டரியில வேல இல்லியா?"

"லீவு போட்டேன்." ரூமையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷமா செஞ்சி அனுப்புறேன். ஒண்ணுகூட எறங்கி நின்னு பாத்ததில்ல."

கிட்டே போய் சுவரைத் தட்டிப் பார்த்தார். பெரிய டீச்சர் என்னிடம், "யாரும்மா அந்த சார்?"

"இந்த ரூம செஞ்சவரு" என்றேன். வீட்டுக்காரர் என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. அவருக்குக் கேட்டது. சிரித்தார்.

இரண்டாவதும் இறங்கியாச்சு. மூன்றாவது வழியில், ஈசிஆர் ரோட்டில் டிராபிக். கடல் பக்கம் மறுபடி கறுக்கிறது. கிரேன்காரர் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். மீதி ராத்திரி எழுதணும்.