அண்ணன் கொடுத்த அறை

உ

கணியூர்
18-9-1966

அன்பு மகள் ரங்காத்தாளுக்கு அம்மா தெய்வாத்தாள் எழுதிக்கொண்டது. மைசூர்க் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க முருகன் துணையிருக்க வேண்டும். இங்கே மாமா, அத்தை, அவர்கள் பையன் வெள்ளியங்கிரி எல்லோரும் சுகம். நானும் சுகம்.

பத்ராவதியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டேன். அப்பா போன பிறகும் இத்தனை மாதம் இருக்க விட்டதே பெரிது. கட்டிலும் மேஜையும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன். கல்யாணமாகிப் போன நாள் முதல் இருந்த வீடு. பூட்டிய பிறகு பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பஸ் நிற்கும் இடத்துக்கே மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். “பொறந்த ஊடு இருக்கறப்ப நீ எதுக்கு அந்நியச் சீமையில கெடக்கோணும்” என்று கண்கலங்கினார். கிழக்குப் பார்த்த அறையைச் சுண்ணாம்படித்து எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல காற்று வருகிறது.

ஊர் நான் விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டு நடவு நடக்கிறது. பத்ராவதிச் சந்தையில் தனியாகப் போய்க் கன்னடத்தில் பேரம் பேசிக் காய் வாங்குவேன் என்று சொன்னால் அத்தைக்குச் சிரிப்பு. இங்கே எனக்குக் கடைக்குப் போகிற வேலையே இல்லை. எது வேண்டுமென்றாலும் ஆள் போய் வாங்கி வருகிறான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நூர்ஜானை உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவள் இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவளுடைய அம்மாவையாவது ஓர் எட்டுப் பார்த்து வரலாம் என்று கிளம்பினேன். “நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க அம்மணி, ஒரு வருசம் போகட்டும்” என்று மாமா சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

காலையில் மாமா வெளியே புறப்படும் நேரம் மட்டும் நான் எதிரே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். அத்தை முகம் சுளிக்காமல் பக்குவமாகத்தான் சொன்னாள். அவர் போனதும் அவளே குரல் கொடுப்பாள். நான் கதவைத் திறந்துகொள்வேன்.

வெள்ளியங்கிரி நல்ல உழைப்பாளி. கரும்புக் காடு முழுவதும் அவன் பொறுப்பு. அதிகம் பேச மாட்டான். உன் போட்டோவை அத்தை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். உன் கைக்கு வளையல் என்ன அளவு என்று கேட்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், இப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கடிதத்தை வாங்கிப்போக மாமா காத்துக்கொண்டிருக்கிறார். நன்றாகப் படி கண்ணு. நிறையப் படி.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா


உ

திருப்பூர்
2-2-1967

அன்பு மகள் ரங்காத்தாளுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

விலாசத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். பயப்படாதே. நான் கணியூரில் இல்லை. திருப்பூரில் ஒரு லைன் வீட்டில், வரிசையில் கடைசி அறையில், தனியாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போடப்போகிறேன். அங்கிருந்து எழுதியதெல்லாம் மாமா படித்த பிறகுதான் உனக்கு வந்தது. அதனால் எழுத முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

பட்டிப் பொங்கலன்று பங்காளிகள் எல்லாம் வந்திருந்தார்கள். நான் சமையலறையில் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மாமா பேசுவது கேட்டது. “கல்யாணத்தை வைகாசியில வெச்சுக்கலாமுங்க. புள்ளையை மைசூர்ல இருந்து கூட்டியாந்துட்டா முடிஞ்சுது. நர்சு வேலைக்குப் படிச்சு, ஊர்ச் சீக்கெல்லாம் கழுவோணுமுன்னு நம்ம சனத்துக்குத் தலையெழுத்தா?” எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிலை பாக்கு மாறியது. உன்னைப் பெற்றவள் சுவருக்கு இந்தப் பக்கம் ஈர இலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு மாமாவிடம் போய், “புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமுங்கண்ணா, படிப்பு இன்னும் முடியலீங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன். ஆச்சரியப்பட்டார். “கேக்கறதுக்கு என்ன இருக்குது? உருத்துள்ள முறைப்பொண்ணு, என்ற பையனுக்கு எடுக்கறவன் நான். உன்னையக் கூட்டியாந்து ஊட்டுல வெச்சது வேற எதுக்குன்னு நினைச்சே?” என்று கேட்டார். இவ்வளவு நாளும் இது எனக்குப் புரியாமல் இருந்ததே என்பதுதான் அவருக்கு வியப்பு. எனக்கும்தான். அந்த அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அதன் காற்றும் வெளிச்சமும் எனக்காக வந்தவை இல்லை கண்ணு. உன்னை வைத்து எனக்குக் கொடுத்தது.

வெள்ளியங்கிரியை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து, “என்னையும் ஆரும் கேக்கலீங்க அத்தை” என்று மட்டும் சொன்னான். பிறகு குனிந்துகொண்டான்.

நான் ஒளிந்து வரவில்லை. மாமா காட்டுக்குப் போயிருந்தபோது அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவள் கதவோரம் நின்று, “போனா மறுபடி இந்த வாசப்படி ஏற முடியாதுங்க நங்கையா” என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு உள்ளே போய்ப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து என் பையில் வைத்தாள். அந்தச் சோற்றைத் தாராபுரத்தில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தின்றேன். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

நூர்ஜான் என்னைப் பார்த்ததும் பையை வாங்கி உள்ளே வைத்தாள். சோறு போட்டாள். அவள் கணவர் ஜமால், வீட்டின் முன்கட்டில் நாலு தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறார். தங்கமான மனிதர். அவர்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். நான்தான் தனியாக ஓர் அறை வேண்டுமென்றேன். கிடைப்பதற்குள் போதுமென்றாகிவிட்டது. போன இடமெல்லாம் முதல் கேள்வி, “ஆம்பளை ஆருங்க?” இந்த லைன் வீட்டுக்காரி கருப்பாத்தாளும் அதையேதான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நூர்ஜான், “நான் இருக்கறனுங்க” என்று முன்னால் வந்து நின்றாள். கருப்பாத்தாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

ஜமால் சொல்லி ராசப்பன் என்பவருடைய பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. பின்னி வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்க்க வேண்டும். தைத்து வந்ததை மடித்து டஜன் கட்ட வேண்டும். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறுகிறது, மற்றபடி கஷ்டமில்லை. முதல் வாரம் முடிந்ததும் நானே சந்தைக்குப் போனேன். கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, விலை கேட்டு, வேண்டாமென்று நகர்ந்து, அவன் திரும்பக் கூப்பிட்ட பிறகு வாங்கினேன். சிரிக்காதே. வழியெல்லாம் யாரோ என்னைக் கையைப் பிடித்து நடத்திப்போவது போல இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்ராவதியில் நான் யாரென்று யாருக்கும் தெரியாது. இங்கே டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர், “நீங்க கணியூரு மாரப்பக் கவுண்டரு தங்கச்சிங்களா?” என்கிறார். எண்ணெய்க் கடைக்காரர், “அண்ணன் சௌக்கியமுங்களா?” என்கிறார். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிவிட்டு நகர்ந்தால் முதுகில் கண் இருக்கிறது. சொந்தச் சீமைக்கு வந்தவள் எதற்கு இப்படி முக்காடை இழுத்து இழுத்து விடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சித்திரை லீவுக்கு நீ இங்கே வா. உனக்கென்று ஒரு பாய் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
தெய்வாத்தாள்


உ

திருப்பூர்
9-4-1967

அன்பு மகள் ரங்காத்தாளுக்கு, உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. மாமா உனக்கு நேரடியாக எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை. நான் கூலிக்காரியாகத் தெருவில் நிற்கிறேன், ஊரார் தயவில் பிழைக்கிறேன், நீ வந்துதான் குடும்ப மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நீ, “சரியென்று சொல்லிவிடட்டுமா அம்மா, உங்களுக்கு ஒரு நிழல் கிடைக்குமே” என்று கேட்கிறாய். அந்த வரியைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபமில்லை. நடந்ததை நானே முழுக்கச் சொல்லாமல் விட்டதால்தான் உனக்கு இப்படித் தோன்றியது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

மாசி மாதத்தில் மாமா கம்பெனிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. முதலாளி ராசப்பன் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ராசப்பன் உன் அத்தைக்குப் பெரியப்பா மகன். மாமா போன பிறகு ராசப்பன் என்னைக் கூப்பிட்டார். “அம்மணி, உங்களைப் போயி நானு வேலை வாங்கறது பாவமுங்க. அண்ணன் மனசு நோகாம ஊட்டுக்குப் போயிருங்க” என்று கைகூப்பியே சொன்னார். கைகூப்பி வெளியே அனுப்புகிறவரிடம் என்ன சண்டை போடுவது?

நூர்ஜான் விடவில்லை. “ஏம்புள்ள, என்ற ஊட்டுல மெசின் இல்லியா?” என்று பிசிறு வெட்டுகிற வேலை கொடுத்தாள். பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஜமாலுக்குத் துணி வருவது நின்றது. அவருக்குத் துணி கொடுப்பதே ராசப்பன் கம்பெனிதான். மெஷின்கள் சும்மா கிடந்தன. அவர்கள் இருவரும் என் முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜமால் காலையில் கிளம்பி வேறு கம்பெனிகளாக ஏறி இறங்கிவிட்டு வருவார், என்னைப் பார்த்ததும், “சாப்பிட்டீங்களாக்கா?” என்பார். நான்தான் ஒருநாள் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுகொண்டேன். அடுத்த வாரமே அவருக்குத் துணி வந்துவிட்டது. நூர்ஜான் என்னிடம் வந்து அழுதாள். “உன்னைய வெரட்டி என்ற அடுப்பு எரியோணுமா?” என்றாள். அவளைத் தேற்றி அனுப்பினேன்.

இப்போது வீரபாண்டிப் பக்கம், துணி வெளுக்கிற பட்டறையில் இருக்கிறேன். முதலாளி திருநெல்வேலிச் சீமைக்காரர். நான் யார் தங்கை என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதுவே எனக்குப் போதும். தொட்டியிலிருந்து துணியை எடுத்து அலசிப் பிழிந்து காயப்போட வேண்டும். வெளுப்புக் காரம் பட்டு விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், வேறொன்றுமில்லை. என்ன மருந்து போடலாம் என்று உங்கள் பெரிய நர்சம்மாவைக் கேட்டு எழுது.

இனிமேல் லைன் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். எனக்கு எப்போது தபால் வருகிறது, யார் வந்து போகிறார்கள் என்பதெல்லாம் கருப்பாத்தாள் மூலமாகக் கணியூருக்குப் போகிறது. அவளும் என்ன செய்வாள், அவள் மகனுக்கு ராசப்பன் கம்பெனியில்தான் வேலை. நூர்ஜான் வீட்டு விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

வேறு ஊருக்குப் போய்விடலாமே என்று நீ கேட்பாய். நானும் அதை யோசிக்காமல் இல்லை. பத்ராவதியில் இனி எனக்கு வீடில்லை. மைசூருக்கு உன்னிடம் வந்தால் விடுதியில் சேர்க்க மாட்டார்கள். நான் வந்த வழியே மாமாவும் வருவார், உன் படிப்புதான் கெடும். நான் இங்கே கண்ணெதிரே இருக்கும்வரை அவருக்கு ஒரு நம்பிக்கை, அலுத்துப்போய்த் திரும்பி வந்துவிடுவேன் என்று. அந்த நம்பிக்கையிலேயே அவர் இருக்கட்டும். அங்கே உன் படிப்பு நடக்கும்.

போன வாரம் பட்டறை வாசலில் மாமா நின்றிருந்தார். இளைத்திருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கூடப் பிறந்தவர்தானே, அவருக்கும் வலித்திருக்கும். வைகாசியில் நாள் குறித்தாகிவிட்டது, சனம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இனி அவர் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்றார். என் மகள் சம்மதிக்கவில்லை என்றேன். “புள்ளை லீவுக்கு உன்னையப் பார்க்க வருவாளல்ல? வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்த “வரட்டும்” என்ற வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருப்பூர் ஸ்டேஷனில் நீ இறங்கினால் என்னிடம் வந்து சேர மாட்டாய். நாலு பேர் மரியாதையாக வந்து, பெட்டியை வாங்கி, காரில் ஏற்றி, கணியூருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதன் பிறகு உன் வாயிலிருந்து வருகிற எதுவும் அங்கே யார் காதிலும் விழாது. நான் சொன்னது விழுந்ததா?

ஆகவே லீவுக்கு வராதே. உன்னோடு படிக்கிற பெண் யார் வீட்டுக்காவது போ, இல்லையென்றால் விடுதியிலேயே இரு. மாமாவுக்கு நீ பதில் எழுத வேண்டாம். எனக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்படு என்று தந்தி வரலாம். நம்பாதே. நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருப்பேன். ஒருவேளை நிஜமாகவே நான் படுத்துவிட்டேன் என்று நூர்ஜானே எழுதினாலும், பரீட்சை முடிகிற வரைக்கும் வராதே. நீ வந்து பார்த்துத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா, உனக்கு என்மேல் எவ்வளவு பாசமென்று?

எனக்கு நிழல் வேண்டுமென்று எழுதினாயே. நீ வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகம் தெளிவாக விழும்படி, நேராகப் பார்த்து எடுத்துக்கொள்.

நோயில்லாமல், குறையில்லாமல், நீ நினைத்தபடி நூறு வருஷம் நன்றாக இரு, சாமி. இந்தப் பக்கம் மட்டும் வந்துவிடாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
தெய்வாத்தாள்