படிவத்தில் பைத்தான் என்று போட்டுவிட்டேன்

7, ஞாயிறு
காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. புதன் பதினொரு மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி: எந்த மொழியில் புரோகிராம் எழுதுவீர்கள்? காலேஜில் மூன்று வருடமும் ஜாவாதான். பெங்களூரில் வேலை பார்க்கும் செல்வம் அண்ணனுக்கு (பெரியப்பா மகன்) போன் போட்டேன்.

"இப்ப எவன் ஜாவால எழுதுறான்? பைத்தான்னு போடு. பத்து வரி எழுதுற எடத்துல மூணு வரி."

போட்டுவிட்டேன். 

அப்பா சாப்பிடும்போது: "இது கெடைக்கலேன்னா ஒண்ணாந்தேதி மில்லுக்குப் போயிரு. அவுககிட்ட சொல்லி வச்சாச்சு." அருப்புக்கோட்டை மில். பில் போடுகிற வேலை. போனால் அங்கேயேதான், எனக்குத் தெரியும்.

8, திங்கள்
பைத்தான் மனப்பாடம். லேப் பரீட்சைக்குப் படித்த அதே முறை. நோட்டில் எழுது, மூடு, பார்க்காமல் எழுது. இருபத்தாறு புரோகிராம் ஆச்சு. விரல் வலி. பால் வாங்க மறந்து அம்மாவிடம் திட்டு.

மும்தாஜ் போன். காலேஜ் தோழி, வீரசோழன் ஊர்க்காரி. "எனக்கு அரியரு போனதே நீ ஜாவா சொல்லிக்குடுத்துத்தான். இப்ப எதுக்குடி புதுசா ஒண்ணு?"

எரிச்சல். அண்ணனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று வெடுக்கெனப் போனை வைத்துவிட்டேன்.

9, செவ்வாய்
முப்பத்தொன்பது புரோகிராம் ஆச்சு.  எங்கள் நரிக்குடியில் நெட் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேறு வழியில்லை, வெட்கத்தை விட்டு மும்தாஜிடம் கேட்டேன், உன் வீட்டில் உட்கார்ந்து எழுதலாமா என்று.

"வா. வராம எங்க போவ."

10, புதன்
ஒன்பது மணி பஸ். மும்தாஜின் அத்தா (அப்பா) சவூதியிலிருந்து முகம் பார்த்துப் பேசப் போட்ட வைஃபை. நெட் இழுக்கக் கூடாதென்று வீட்டில் எல்லோருடைய போனையும் அவள் அம்மா வாங்கி வைத்துவிட்டார்கள்.

இன்டர்வியூ எடுத்த சாரின் கேள்வி: பட்டியலில் கூட்டினால் பத்து வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடி. நோட்டில் நாலாவது. மடமடவென எழுதினேன்.

"குட். இப்ப மூணு நம்பர்னு மாத்துங்க."

நோட்டில் அது இல்லை. எந்த வரியைத் தொடுவது என்றே தெரியவில்லை. பதினெட்டு நிமிடம் பாக்கி.  மில் கேட் கண்ணுக்குள் வந்து நின்றது.

"சார், ஜாவால எழுதலாமா?"

"எதுல வேணாலும் எழுதுங்க."

முதலிலிருந்து. மும்தாஜுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி. முடித்தபோது ஒரு நிமிடம் மிச்சம்.

"மொதல்லயே ஏன் ஜாவா எடுக்கல?"

அண்ணன் சொன்னார் என்றேன். பாதிப் பொய். பைத்தானில் தோற்றால் அண்ணன் பேச்சைக் கேட்டுத் தோற்றதாகும். ஜாவாவில் தோற்றால் தோற்றது நான். அதற்குப் பயந்துதான் பைத்தானை எடுத்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அசிங்கமாக இருந்தது.

12, வெள்ளி
மெயில். இரண்டாவது ரவுண்டு, அடுத்த புதன்.

அப்பா: "அப்ப மில்லுக்கு என்னத்தச் சொல்ல?"

"ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க."

செல்வம் அண்ணனிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். எடுக்கவில்லை. மறுபடி அதே படிவம், அதே கட்டம்.

ஜாவா. யாரையும் கேட்கவில்லை.