இரண்டாம் சூட்டில் வெளுத்த தட்டு

அரியலூர், 3.11.1983
இன்றைக்கும் தோல்வி. வார்த்த கண்ணாடித் தட்டை மறுபடி உலையில் வைத்துச் சுட்டால் பால் மாதிரி வெளுத்து இறுகணும். அப்புறம் அடுப்பில் வைத்தாலும் வெடிக்காது. என் தட்டோ தண்ணீர் பட்டதும் படார்! "பொங்கலுக்குள்ள ஒரு தட்டாவது காட்டுங்க, இல்லேன்னா கம்பெனியைப் பூட்டிடறேன்" என்கிறார் முதலாளி. இத்தனை பேரும் எங்கே போவது? நான் எங்கே போவது?

6.11
உலைக்காரர் செல்லப்பன் போய்விட்டார். மாரடைப்பு. நேற்றுகூட "வெளுக்கும் சார், அவசரப்படாதீங்க" என்றார். இனி உலையை யார் பார்ப்பது என்றுதான் முதலில் தோன்றியது. சீ, என்ன மனுஷன் நான்.

10.11
மழை விடவில்லை. கொள்ளிடத்தில் வெள்ளமாம். கலவையில் எலும்புச் சாம்பல் சேர்த்துப் பார்க்கலாம் என்று திருச்சி எலும்பு மில்லுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். இன்று கலவை அறையில் துணி கட்டிய கலயம் இருந்தது. உள்ளே வெந்த எலும்பு. அனுப்பிய லட்சணத்தைப் பார், பொடிக்கக்கூட இல்லை! நானே இடித்துச் சலித்துக் கொட்டினேன்.

14.11
வெளுத்துவிட்டது! எல்லாத் தட்டும்! நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன் — ஒரு கீறல் இல்லை. முதலாளி எனக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதோடு மெட்ராஸ் ரயிலேறிவிட்டார்.

15.11
மேஜைமேல் இருக்கும் தட்டுக்குச் சூடு தணியவே இல்லை. உலை அணைந்து எவ்வளவு நேரமாச்சு? தொட்டால் ஆள் உடம்புச் சூடு. ஈர மண்ணில் வைத்தேன். அப்படியேதான் இருக்கு.

17.11
எலும்பு மில் மூட்டை இன்றைக்குத்தான் வந்தது.
அப்படியென்றால் —

18.11
செல்லப்பன் பெண்சாதி இருசம்மாள் வந்தாள். "வெள்ளம் வடிஞ்சிடுச்சுங்க சார். ஆத்துல கரைக்கத் திருமழபாடி போறேன். அவரு எலும்பை வூட்டுக்குள்ள வைக்கக் கூடாது, மரத்துல கட்டுனா மழை. அதான் அவரு வேலை பார்த்த எடத்துல வச்சிருந்தேன். எடுத்துக்கட்டுங்களா?"
நடந்ததைச் சொல்லிவிட்டேன். காலில் விழுந்தேன். அவள் அழவில்லை. தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
"மத்ததெல்லாம்? அவரை எங்கெல்லாம் அனுப்பிச்சீங்க?"


19.11
முதலாளி தந்தி. ஆர்டர் கிடைத்துவிட்டதாம். அதே கலவையில் நூறு தட்டு வேணுமாம்.

20.11
திருமழபாடி. பிள்ளையில்லாத வீடு, இருசம்மாளே கொள்ளிடத்தில் இறங்கினாள். தட்டைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டே நின்றாள். "விட்டுடும்மா" என்றேன். விடவில்லை. வெகுநேரம் கழித்துத் தட்டை மேலே எடுத்துத் தடவிப் பார்த்தாள்.
"கரைய மாட்டேங்குறாரே, சார்."