நீ எழுதாமல் விட்ட தேர்வு

போன வாரம் பனச்சமூடு சந்தையில் ஒரு குழந்தையின் கையிலிருந்து பலூன் நழுவிப் போய்விட்டது. வாயு நிரப்பிய சிவப்புப் பலூன். குழந்தை அழுதது, வேறொன்று வாங்கித் தருவதாகச் சொல்லித் தாய் அதை இழுத்துக்கொண்டு போனாள். நான் ஏற வேண்டிய பஸ்ஸையும் விட்டுவிட்டு, பலூன் ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறிக் கிழக்கே சாய்ந்து புள்ளியாகும்வரை அண்ணாந்து நின்றேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நாம் திருவனந்தபுரத்தில் வானிலை படித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இயற்பியல் பட்டப் படிப்பில் வானிலையைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் வெகு சிலர். கொல்லயிலிலிருந்து நான், நெய்யாற்றின்கரையிலிருந்து நீ. என் வீட்டில் தமிழ், உன் வீட்டில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிக்கவிருந்த காலம் அது. தமிழ்ப் பகுதிகள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலமும் மறியலுமாக எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. சேர வேண்டும் என்பேன் நான். கூடாது என்பாய் நீ. நீ பஸ்ஸில் ஏறும்போது தொடங்கும் சண்டை நகரத்தில் இறங்கும்வரை ஓயாது.

"எனக்க பாஷைய எனக்குப் பள்ளிக்கூடத்துல படிக்க முடியல்ல. ஒனக்கு அது மனசிலாகாது" என்பேன்.

"கோடு போட்டா ஒனக்க வீடு அங்கயும் எனக்க வீடு இங்கயும் ஆவும். அது ஒனக்கு மனசிலாகாது" என்பாய்.

வகுப்புக்குள் போனால் இதெல்லாம் வாசலோடு நின்றுவிடும். மேல்காற்றை அளக்க, ஹைட்ரஜன் நிரப்பிய பலூனைப் பறக்கவிட்டுத் தொலைநோக்கியில் பின்தொடர வேண்டும். ஒருவன் கண் எடுக்காமல் பார்த்துக் கோணங்களைச் சொல்ல, மற்றவன் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். பார்ப்பவன் நான், எழுதுபவன் நீ. ஒருநாள் கடற்காற்றில் கிழக்கே போன பலூன் உயரத்தில் திடீரென்று மேற்கே திரும்பியது. நான் சொன்ன எண்களைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர், "பலூனை விட்டுவிட்டு ஏதோ பறவையைப் பார்த்திருக்கிறான்" என்றார். நீ காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திரும்பிச்சுன்னு அவன் சொன்னா திரும்பிச்சு சார்" என்றாய். மேலே காற்று எதிர்த்திசையில் வீசியது அடுத்த பலூனில் உறுதியானது. அதற்காக நீ பெருமைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்விலும் இருவர் சேர்ந்தே பலூனை அளக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் பாறசாலையில் பஸ் மறியல். போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ தடுக்கவில்லை. "நாளைக்குக் காலைல வந்துருவியா?" என்று மட்டும் கேட்டாய். "வாறேன்" என்றேன். சாலையில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் அடித்து வண்டியில் ஏற்றியது. என் தோளிலும் ஒரு அடி விழுந்தது. அதற்காக அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை.

மறுநாள் நண்பகல், தேர்வு நடக்க வேண்டிய நேரத்தில், நீ லாக்கப்புக்கு வெளியே வந்து நின்றாய். தேர்வுக்கென்று தேய்த்த வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. நான் கம்பியருகே ஓடி வந்தேன்.

"எலே, பரீட்சை?"

"எழுதல்ல."

"கூட நிக்க வேற ஆளு தரல்லியா?"

"தந்தாவ. நான் வேண்டாம்னேன்."

உனக்கு நன்றி சொல்லவில்லை நான். கத்தினேன். வேலைக்குப் போய்த் தங்கைகளைக் கரையேற்ற வேண்டியவன் நீ. உன் ஒரு வருடத்தை என் தலையில் கட்டாதே என்றேன். ஏட்டு திரும்பிப் பார்த்தார். நீ கம்பியைப் பிடித்தபடி அமைதியாகச் சொன்னாய்: "ஒனக்கு வேண்டி இல்லலே. அந்த ஆளு சொல்லுகத நம்பி எழுத எனக்குத் தைரியம் வரல்ல. அவ்வளவுதான். நீ வெறுதே பெருசாக்காத."

உன் அப்பா உன்னோடு பல மாதம் பேசவில்லை. அந்த வருடம் முழுவதும் நீ அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதினாய். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்தே தேர்வெழுதித் தேறினோம். உனக்கு வடக்கே வானிலை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. என்மேல் மறியல் வழக்கு இருந்ததால் அரசு வேலை கிடைக்கவில்லை. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

எல்லை முடிவான செய்தி வந்தபோது நீ விடுப்பில் வந்திருந்தாய். விளவங்கோடு சென்னைப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா மலையாளப் பக்கமே நின்றது. அதற்குள் எங்கள் கொல்லயில் ஊரும். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாலையில் நீ வந்தாய். அம்மா உன்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா மக்களே, மரச்சீனிக் கிழங்கு அவிச்சது உண்டு" என்று இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னாய்:

"துக்கம் உண்டுன்னு நான் கள்ளம் சொல்லமாட்டேன் மக்கா. நான் கேட்டதாக்கும் கிடைச்சிருக்கு. ஆனா நீ இப்பிடி இருக்கத பாக்கவும் முடியல்ல."

அன்று வீட்டுக்கு வந்தவர்களில் பொய் சொல்லாதவன் நீ ஒருவன்தான். ஊர்க் கோடியிலிருந்த பாலம்வரை உன்னோடு நடந்து வந்தேன். வழியில் பேச்சு காற்றுக்குத் திரும்பி, மழை தள்ளிப்போகுமா என்பதில் ஒரு சண்டை போட்டுக்கொண்டோம்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகும் அந்த எல்லைப் பேச்சை நாம் விடவில்லை. உன் மரணத்துக்குப் பிறகு உன் மகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, நீங்களும் அச்சனும் இத்தனை காலம் எதுக்குச் சண்டை போட்டிங்க? யாரு சொன்னது சரி?"

"நான் சொன்னதாக்கும் சரி" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என் பேரன் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும்போதெல்லாம் என் வாதம் எனக்குள் பழைய சூட்டோடு எழுந்து நிற்கிறது. ஆனால் எதிரே யாரும் இல்லை. அதனால் உன் பக்கத்தையும் நானே சொல்லிப் பார்க்கிறேன். கோடு விழுந்த பிறகு உறவுகள் எப்படி ஆயின, அங்கே போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்று, நீ கேட்பாயே, அப்படி. நீ சொல்லும்போது இருந்த நியாயம் என் வாயில் வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.