வேலாயுதத்தின் வேணாம்

பிரிக்பீல்ட்ஸ்,
3.12.1987

அன்புள்ள வேலாயுதத்தின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். கேரி தீவில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்களைக் கேட்காமல் பையனை அந்த ஊனமுற்ற பிள்ளைகள் ஹோமிலிருந்து கூட்டிவந்துவிட்டேன் என்ற கோபத்தில் போனவர், எஸ்டேட் லோரியை ஓட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டீர்கள். இங்கே எனக்கு முதுகு ஒடிகிறது. பதினாறு வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, அவன் துணியைத் துவைத்துப் போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

இப்போது சேர்த்திருக்கும் புதுப் பயிற்சி சென்டரில் மார்க்கிரட் டீச்சர் அவனைத் தொடுவதே இல்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு எட்டப் போய் உட்காருகிறார். அவன் தட்டைத் தள்ளினால் பேசாமல் எடுத்துவிடுகிறார். "மொதல்ல வேணாம்னு காட்டக் கத்துக்கட்டும் அக்கா. ஹோம்ல நாற்காலில கட்டிவச்சு ஊட்டுன பிள்ளைலா" என்கிறார். பேச்சே வராத பிள்ளைக்கு இதுவும் ஒரு படிப்பா என்று முனகிக்கொண்டேதான் தினமும் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
இராஜம்மா

*

கேரி தீவு,
12.12.1987

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

பிடிவாதம் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமா? அவனுக்குப் பேச்சு வரட்டும் என்று பத்துமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்திருக்கிறேன். வருஷா வருஷம் தட்டிப்போகிறது. இந்தத் தைப்பூசத்துக்கு முடித்தே ஆக வேண்டும். என் தம்பியும் எஸ்டேட் லயத்து வீட்டுப் பையன்களும் வருவார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டால் அஞ்சு நிமிஷ வேலை. ஹோமில் அப்படித்தான் முடி வெட்டினார்கள். அவன் ஒரு சத்தம் போட்டதில்லை என்று சொன்னார்கள்.

எனக்கு அவன்மேல் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. பொங்கல் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.

கன்னையா

*

பிரிக்பீல்ட்ஸ்,
18.1.1988

அன்புள்ள வேலாயுதத்தின் அப்பாவுக்கு,

நேற்று டீகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். தலையைத் தடவப் போன உங்கள் கையைப் பையன் தட்டிவிட்டான், நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். "பெத்த அப்பனையே தள்றான், இதான் உன் டீச்சரு சொல்லிக்குடுத்த லட்சணமா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினீர்கள்.

இன்று டீச்சரிடம் சொல்லி அழுதேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "ஹோம்ல யாரையாச்சும் தள்ளியிருக்கானா அக்கா?"

இல்லை. அங்கே அவனைப் பிடித்துவைத்து முடி வெட்டியபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். மரக்கட்டைபோலக் கிடந்தான். கால்சட்டையெல்லாம் மூத்திரம். அதைத்தான் உங்களிடம் சத்தம் போடாத பிள்ளை என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே கூட்டிவந்துவிட்டேன். கேட்க உங்களுக்குப் பொறுமை இல்லை, சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயந்த இடத்தில் அவன் யாரையும் தள்ளவில்லை. உங்களைத் தள்ளினான். தள்ளினால் அப்பா விட்டுவிடுவார் என்று நம்பித்தான் தள்ளியிருக்கிறான் என்கிறார் டீச்சர். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆட்களோடு வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். முருகனுக்குக் கோபம் என்றால் என்மேல் இருக்கட்டும். தனியாக வருவதானால் வாருங்கள். ஒரு நாளாவது நான் நிம்மதியாகப் படுத்துத் தூங்க வேண்டும்.

இராஜம்மா

*

கேரி தீவு,
25.1.1988

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

உன் கடிதத்தை லோரியில் உட்கார்ந்து படித்தேன். பிறகு வெகுநேரம் வண்டியை எடுக்க முடியவில்லை.

தம்பியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தைப்பூசத்தன்று நான் மட்டும் பத்துமலைக்குப் போகிறேன். பையனுக்கு மொட்டை கிடையாது என்பதை முருகனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு காலையிலேயே வந்துவிடுவேன். நீ உள்ளே போய்ப் படுத்துக்கொள். அவனிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நான் உட்கார வேண்டும் என்று மட்டும் டீச்சரைக் கேட்டு எழுது.

கன்னையா