'ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற முத்திரை குறித்து

அனுப்புநர்:
மகளிர் பகுதி உதவியாளர்,
இரண்டாம் தளம், அரசு மருத்துவமனை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: கருக்கலைப்பு முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்குக் கருத்தடை ஆலோசனை தராமலேயே தந்ததாக முத்திரை குத்துவது, அதனால் என் தங்கை இறந்தது, விசாரணை கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தப் புகார் மூன்று பேர் மீது. ஒருவர் எங்கள் மூத்த செவிலியர், ஒருவர் ஆலோசகர், மூன்றாவது நான். என்னை விட்டுவிட்டு மற்ற இருவரை மட்டும் விசாரிப்பதாக இருந்தால் இந்த மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் முன், அடுத்த கர்ப்பத்தைத் தவிர்க்க என்னென்ன வழி உண்டு, எதை எப்போது தொடங்கலாம் என்று ஆலோசகர் அவளிடம் பேச வேண்டும். அவருடைய அறை பின்கட்டடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். பெண்கள் மயக்கம் தெளிந்து எழுந்து உட்காரவே பிற்பகல் இரண்டு மணி ஆகிவிடும். ஆலோசனை முத்திரை இல்லாத டிஸ்சார்ஜ் அட்டையோடு வாசலில் விட மாட்டார்கள். எனவே காலையில் படுக்கை விரிப்பு மாற்றும்போதே அன்றைய அட்டைகள் அத்தனையிலும் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று குத்தி வைத்துவிடுவோம். குத்துவது நான். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகப் போகும்.

என் தங்கை ஆடைத் தொழிற்சாலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். இரண்டு குழந்தைகள். இதயத்தில் கோளாறு இருந்ததால், மூன்றாவது உண்டானபோது உயிருக்கு ஆபத்து என்று சொல்லி இங்கேதான் கலைத்தார்கள். ஊழியரின் தங்கை என்பதால் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது, வேளாவேளைக்குத் தேநீர் கிடைத்தது. ஆலோசனை மட்டும் கிடைக்கவில்லை. அக்கா இங்கேயே இருக்கிறாளே, சொல்லியிருப்பாள் என்று செவிலியர் இருந்துவிட்டார். செவிலியர் சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன். கூடப் பிறந்தவளிடம் அந்தப் பேச்சை எடுக்க எனக்குக் கூச்சமும் இருந்தது. அவள் அட்டையிலும் நான்தான் குத்தினேன்.

மாதவிலக்கு திரும்பி வந்த பிறகுதான் கரு தரிக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். இரண்டு வாரத்திலேயே தரிக்கலாம் என்று அவளுக்கோ அவள் கணவருக்கோ ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் மறுபடி உண்டானது. எங்கோ ஒரு கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மூன்று நாள் ரத்தப்போக்கை மறைத்திருக்கிறாள்.

இங்கே கொண்டுவந்தபோது உதடெல்லாம் வெளுத்திருந்தது. ஏண்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரெண்டாவது தடவை வர்றவங்கள சீசன் டிக்கெட்டுன்னு சிரிப்பீங்கன்னு நீதானக்கா சொன்ன. உன்னைப் பாத்தும் சிரிப்பாங்களேன்னுதான்" என்றாள். உண்மைதான் ஐயா. சாப்பிடும் நேரத்தில் நாங்கள் அப்படிக் கேலி பேசுவோம். வீட்டுக்குப் போய் நான்தான் அதைச் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் பிற்பகல் அவள் இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் கணவர் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். "இதுல சொன்னதா போட்டிருக்கே அண்ணி, அவகிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். சண்டை போடவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆகவே, முத்திரையை எங்கள் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். ஆலோசகர் மாலைவரை இருந்து, படுக்கைக்கே வந்து, துணைக்கு வந்தவரிடம் அல்லாமல் அந்தப் பெண்ணிடமே பேசவேண்டும். அவள் வேண்டும் என்று சொல்லும் முறையை அன்றே கொடுத்தனுப்ப வேண்டும். இன்னொரு நாள் வா என்றால் கூலி வேலைக்குப் போகிறவள் வர மாட்டாள். என் மீது எடுக்கும் நடவடிக்கைக்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை.

விசாரணை மெதுவாக நடக்கட்டும். இன்று எங்கள் பகுதியில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள். நான்கு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள். அதற்குள் யாரையாவது அனுப்பி வையுங்கள். யாரும் வராவிட்டால் எனக்குத் தெரிந்ததை நானே உட்கார்ந்து சொல்லப் போகிறேன். அது உன் வேலை இல்லை என்று பிறகு மெமோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
மகளிர் பகுதி உதவியாளர்,
இறந்தவளின் அக்கா.

இடம்: மகளிர் பகுதி, இரண்டாம் தளம்
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி