பந்தயம் முடிந்தால் காய்ச்சல்

ஜூன் 3

தம்பி ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான்; இன்று காய்ச்சலில் படுத்துவிட்டான். அன்று போனை எடுத்ததும் "எத்தனாவது?" என்றேன். "ரெண்டாவதுக்கா." இளைப்பில் பாதிக் குரல்தான் வந்தது.

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் இதே கதை. அதுவும் என் சைக்கிள் கடைக்குச் சரக்கு வண்டி வருகிற நாளாகப் பார்த்து. "டயர் மூட்டையைப் பார்த்தாலே உனக்குச் சளி பிடிக்குதுடா" என்றேன். "ரப்பர் ஒத்துக்கலக்கா" என்று போர்வைக்குள்ளிருந்து பதில். வாய்க்கு மட்டும் காய்ச்சல் வரவில்லை.

ஜூன் 6

என் கடையிலும் விற்கிற சத்துமாவின் கம்பெனிக்காரர் வந்தார். டப்பாவில் 'நோய் நுழையாக் கோட்டை' என்று போட்டு, கீழே தம்பியின் படம் வேண்டுமாம். இருபத்தைந்தாம் தேதி தேர்வுப் பந்தயத்தில் முதல் மூன்றுக்குள் வந்தால் ஒப்பந்தம். அந்தத் தொகை கிடைத்தால் வாடகைக் கடையை விட்டுவிட்டு எதிர்க் கட்டடத்தை வாங்கலாம். நடைபாதையில் பஞ்சர் பசை விற்று வந்தவள் நான். ஆசையை முகத்தில் காட்டவில்லை.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. அந்தக் கோட்டையைத்தான் தம்பி ஒரு வருடமாகக் கரைத்துக் குடிக்கிறான்.

ஜூன் 10

டாக்டரம்மாவிடம் போனோம். இவ்வளவு மிதிக்கிறவன் ஏன் இப்படிப் படுத்துக்கொள்கிறான் என்று கேட்டேன். அளவான பயிற்சி உடம்பின் காவலை வளர்க்குமாம். மணிக்கணக்கில் உயிரைக் கொடுத்து மிதித்தால் காவல் கொஞ்ச நேரம் தளரலாம். எவ்வளவு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வழக்கு. அதோடு பயணம், தூக்கக்கேடு, பந்தயக் கவலை, கூட்டத்தின் மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக ஓட்டலாம். காய்ச்சலோடு மிதித்தால் இதயத்தையே பாதிக்கலாம். டப்பாவைக் காட்டினேன். "மாவு மாவுதாங்க. நல்லாத் தூங்கச் சொல்லுங்க."

போட்ட முதலையே எடுத்துத் தின்கிற வியாபாரம் — எனக்குப் புரிகிற பாஷை. பந்தயம் முடிந்த கையோடு அவனைக் கடை வாசலில் நிறுத்தி, வருகிறவர் போகிறவரோடெல்லாம் கைகுலுக்க வைத்தது நான்தானே?

ஜூன் 21

விடிந்தும் விடியாமல் பயிற்சி முடித்து வந்தான். தண்ணீர் பாட்டிலை வாங்கும்போது விரல் பட்டது. சுட்டது. "வெயில்க்கா" என்றான். சூரியனே இன்னும் எழவில்லை. யாரிடம் விற்கிறான் இந்தச் சரக்கை!

மூன்று நாளாக மாத்திரை போட்டு மறைத்திருக்கிறான். திட்டித் தீர்த்தேன். கடைசியில் சொன்னான்: "போன் எடுத்தா உன் மொத வார்த்தை எத்தனாவதுதான். எப்படிடா இருக்கேன்னு ஒரு தடவ கேட்டிருக்கியா? உன்கிட்ட போயி காய்ச்சல்னு எப்படிச் சொல்றது?"



ஜூன் 22

அனுப்பினால் மூன்றுக்குள் வந்துவிடுவான். எங்கள் இரண்டு பேர் பிடிவாதமும் ஒரே பட்டறையில் அடித்தது. ஆனால் இதயம் கெட்டால் அந்த உருப்படிக்கு எங்கே போய் மாற்று வாங்குவது?

அவன் சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிக் கிடங்கில் பூட்டினேன். சைக்கிள் கடையில் சக்கரத்துக்கா பஞ்சம்? ஆனாலும் அவன் வேறு எதையும் எடுக்க வரவில்லை.

கட்டடக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 25

பந்தயம் நடந்தது. இவன் தூங்கினான்.

ஜூன் 30

கம்பெனிக்காரர் அடுத்த பந்தயம் வரை பொறுக்கலாம் என்றார். நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "அந்தக் கோட்டைக்குள்ள இருந்துக்கிட்டேதான் சார் நான் ஒவ்வொரு தடவையும் காய்ச்சல்ல விழுந்தேன்." அவர் சிரிக்கவில்லை. படமும் போயிற்று, தொகையும் போயிற்று.

மிச்ச டப்பாக்களை விற்பேன், விற்காமல் என்ன? சத்துக்கு என்று சொல்லி விற்பேன். நோய் வராது என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 18

நேற்று பந்தயம். போனில் "எப்படிடா இருக்கே?" என்றேன். நன்றாக இருக்கிறானாம். மேலே ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். பேரம் அப்படி. உடம்பு சுட்டால் பயிற்சியாளருக்கும் முன்னால் எனக்குச் சொல்ல வேண்டும். பந்தயம் முடிந்தால் கடைப்பக்கம் வராமல் தூங்க வேண்டும்; ஐந்து நாள் கேட்டான், மூன்று என்றேன், நாலில் படிந்தது. பதிலுக்கு, எத்தனாவது என்று நான் கேட்கக்கூடாது. அவனாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.